அமராவதியில் ஹெச் இல்லை

வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று நான் வாயைத் திறப்பதற்குள் திரையில் மறுபடியும் அந்தச் சிவப்புக் கட்டம், உள்ளே அதே ஒற்றை வரி, அந்தப் பெயரில் எந்த சர்வரையும் தெரியாது என்று. தெரியாதாம். காலையில் நான் வந்து உட்கார்ந்து முதல் தடவை அழுத்தியபோது மட்டும் எப்படித் தெரிந்தது, கேட்டதும் கதவைத் திறந்து வாங்க வாங்க என்று உட்காரவைத்த அதே கம்ப்யூட்டர்தானே நீ, பிலோமி சிஸ்டர் கையில் பால் புட்டியோடு பின்னால் வந்து நின்றதும் உனக்கு ஆளே மறந்துவிட்டதா. "விடும்மா, அது எனக்கு முன்னாடி எப்பவும் இப்படித்தான், வெக்கப்படும்" என்று சிஸ்டர் சிரிக்கிறார், சிரித்தபடியே புட்டியை ஃப்ரீசருக்குள் திரும்ப வைத்துக் கதவை மூடுகிறார், அந்தக் கதவு மூடும் சத்தம் எனக்கு வயிற்றில் கேட்கிறது. இந்தத் தாய்ப்பால் வங்கியில் ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு எண் உண்டு, யாரோ ஒரு அம்மா கொடுத்த பாலைக் காய்ச்சிச் சுத்தம் செய்து உறையவைத்து, அதில் ஒரு சொட்டை இன்னொரு ஊரில் இருக்கிற பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள், கிருமி இல்லை என்று அவர்கள் சொன்னதும் அது சென்னையில் இருக்கிற எங்கள் டேட்டாபேஸில் ஏறும், இங்கே சிஸ்டர் புட்டியின் எண்ணைக் காட்டினால் திரையில் பச்சை எரியும், பச்சை எரிந்தால்தான் புட்டி இந்த அறையைத் தாண்டும். அந்தப் பச்சைக்குத்தான் இவ்வளவும். அதை எரியவைக்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள், கார்குழலியை, பிரசவ விடுப்பு முடிந்து இன்றைக்குத்தான் முதல் நாள் வேலைக்கு வந்திருக்கிற கார்குழலியை. ஆபீஸில் அந்தப் பெயரை வெட்டி வெட்டிக் கடைசியில் கார் என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். கார் வந்தாச்சா, கார் சாப்பிட்டாச்சா. விடுப்பில் இருந்த மாதங்களில் அந்தக் கார் கொட்டகையிலேயே நின்றதில் பேட்டரி இறங்கிவிட்டதோ என்று காலையிலிருந்து ஒரு பயம் எனக்கு, சிரிப்பு மாதிரி ஆரம்பித்து நடுவில் பயமாகிவிடுகிற பயம்.

நேற்று ராத்திரி பரிதியிடம் சொன்னேன், எனக்கு எல்லாம் மறந்துபோச்சு பரிதி, பாஸ்வேர்டு மறந்துபோச்சு, கட்டளையெல்லாம் மறந்துபோச்சு, மூளை இருந்த இடத்தில் பால் நிரம்பியிருக்கு என்று. அவன் எங்கள் குழந்தை ஆதிரையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, நல்லதுதானே, பால் பொங்கினா நல்ல சகுனம்தானே என்றான், சிரித்தேன், ஆனால் அவன் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்து ஏதோ ஒரு பழைய பக்கத்தைப் படித்தேன், ஒரு வரியும் ஏறவில்லை, எல்லா வரியும் தாலாட்டு மெட்டில் போயிற்று. சரி, இப்போது எங்கே இருக்கிறேன், ஒன்று, கேபிள் சரி, அதைப் பிடுங்கிச் செருகியாகிவிட்டது, சிஸ்டர்கூட அதைத்தான் தினமும் செய்கிறாராம். இரண்டு, பாஸ்வேர்டு சரி, தப்பாக இருந்தால் கோபமே வேறு மாதிரி வரும். மூன்று, மூன்று என்ன, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுகிறது, ஆதிரையின் அழுகை இல்லை, ஆதிரை அழுதால் ஊர்க்கூட்டம் கூடும், இது பூனைக்குட்டி எங்கோ பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு இழை, அவ்வளவுதான், ஆனால் மார்புக்கு அந்த வித்தியாசம் தெரிகிறதா, சுரீரென்று இரண்டு பக்கமும் ஊசி குத்தி இறங்குகிறது, துப்பட்டாவை இழுத்துவிடுகிறேன், உள்ளே வைத்திருக்கிற பேட் எவ்வளவு நேரம் தாங்கும். மூன்று, பெயர். எங்கள் டேட்டாபேஸுக்குப் பெயர் காவிரி. பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டர் அதற்குரிய எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே போகவேண்டும். அதைத்தான் தெரியாது என்கிறது. ஆனால் கறுப்புத் திரையைத் திறந்து காவிரி, இருக்கிறாயா என்று கேட்கிற கட்டளையைத் தட்டினால், இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரிசையாகப் பதில் வருகிறது, தங்கமே, பெயர் தெரிகிறதே உனக்கு, எண்ணைச் சரியாகச் சொல்கிறாயே, பிறகு ஏன் அங்கே போய்த் தெரியாது என்கிறாய். என் லேப்டாப்பில் அதே பெயர், அதே கதவு, ஒரு தடவைகூடத் தவறாமல் திறக்கிறது. ஆனால் என் கணக்கு கதவு தட்டிப் பார்க்கிற கணக்கு, திறந்ததும் வாசலோடு திரும்பிவிட வேண்டும், உள்ளே போய் எந்தப் புட்டி பச்சை எந்தப் புட்டி சிவப்பு என்று பார்க்க எனக்கு அனுமதி கிடையாது, அது சிஸ்டரின் கணக்குக்கு, இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும். நல்ல ஏற்பாடுதான். நாங்களே யோசித்துச் செய்த ஏற்பாடு. இப்போது அதை நினைத்தால் பல்லைக் கடிக்கலாம் போலிருக்கிறது.

"பரிசோதனைக் கூடத்துக்கே போன் போட்டுக் கேட்டுக் குடுத்துடக் கூடாதா சிஸ்டர்" என்று காலையிலேயே கேட்டுப் பார்த்தேன். சிஸ்டர் ஃப்ரீசரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார், கோபமில்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் தப்பான விடையைப் பார்க்கிற பார்வை. "அந்த லேப் போன் எப்பவும் பிசி. கெடச்சாலும் நான் குடுக்க மாட்டேன்மா. ஒரு தடவ அங்கிருந்து ஒருத்தர் எண்ணைச் சொல்ல, இங்க ஒருத்தர் எழுத, ஆறும் ஒம்போதும் மாறிப்போச்சு. நல்லவேளை, ஃப்ரீசர்லேருந்து எடுக்கும்போதே கண்ணுல பட்டுச்சு. உள்ள கெடக்குறது ஒவ்வொண்ணும் கைக்குள்ள அடங்குற சைஸ், நான் கண்ணால பச்சையப் பாக்காம குடுக்க மாட்டேன்." அதற்கு மேல் என்ன சொல்ல, சரிதானே. நானாக இருந்தாலும் ஆதிரைக்கு அப்படித்தானே கேட்பேன். போன வாரம் ஒரு மருந்து மூடியில் எழுத்து அழிந்திருந்தது என்று பரிதியைக் கடைக்குத் திருப்பி ஓடவைத்தவள்தானே நான். பச்சைதான் வேண்டும். பழைய புட்டிகள், பச்சை பார்த்தாயிற்று என்று எடுத்துவைத்தவை, கடைசி வேளையோடு தீர்ந்துவிட்டன. அடுத்த வேளை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். வேளை என்றால் எவ்வளவு பால், சிஸ்டர் காட்டினார், மருந்துக்கு வரும் சின்னக் கப்பில் அடியில் ஒரு படலம், ஆதிரை தூக்கத்தில் கடைவாயில் வழியவிடுவது அதைவிட அதிகம். அந்தப் படலத்துக்காகத்தான் கேபிளைப் பிடுங்கிச் செருகி, காவிரி இருக்கிறாயா என்று கூப்பிட்டுக்கூப்பிட்டு, இருக்கிறேன் என்றதும் உள்ளே போய், தெரியாது என்றதும் திரும்பி, மறுபடி காவிரி இருக்கிறாயா. இதோ பார், இப்போது திறந்துவிட்டது. திறந்துவிட்டது சிஸ்டர், சீக்கிரம், சிஸ்டர் ஓடிவருகிறார், புட்டியை எடுக்கிறார், எண்ணைக் காட்டுகிற அந்தச் சிவப்பு வெளிச்சக் கருவியை நீட்டுகிறார், பீப் என்கிறது, ஒவ்வொரு பீப்புக்கும் அது புதிதாக ஒரு தரம் காவிரியைப் போய்க் கூப்பிடும், நாங்கள் செய்த மென்பொருளின் புத்தி அப்படி, சிவப்புக் கட்டம். தெரியாது. சிஸ்டர் புட்டியோடு திரும்பிப் போகிறார். ஃப்ரீசர் கதவு. அந்தச் சத்தம்.

கதவருகில் ஒருவர் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், லுங்கி இல்லை பேன்ட்தான், ஆனால் லுங்கி கட்டியவர் நிற்கிற மாதிரி ஒரு காலை மடக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு. "அதான் பெரியண்ணன், கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குற கொறமாசப் புள்ளையோட அப்பா, தொறையூர் பக்கம், தண்ணி லாரி ஓட்டுறாரு" என்கிறார் சிஸ்டர் என் காதோரமாக, "பொண்டாட்டி சிவரஞ்சனிக்குப் பிரசவத்துல பிரஷர் ஏறிப்போயி, அது இன்னும் மேல் மாடில பெரிய வார்டுல கெடக்கு. மருந்து ஓடுற ஒடம்பு, அதுக்கிட்டேருந்து பால் இப்ப எடுக்க முடியாது." அவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏங்க மேடம், ஆயிருமாங்க" என்று கேட்கிறார். என்னை. மேடம் என்று. ஆயிருங்க, என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. "நேத்துதாங்க மொத மொதல்ல வாந்தியெடுக்காம வயித்துல நின்னுச்சு. டாக்டர் சொன்னாரு, இப்படியே நின்னா ஊசிய கழட்டிரலாம்னு. பவுடர் பாலெல்லாம் இந்தப் புள்ளைக்கு ஆவாதாம். ஒரு வேள பால் இல்லாட்டிப் பரவால்ல, குளுக்கோஸ் ஏத்துவாங்கன்னாங்க, இருந்தாலும், இப்பதான ஆரம்பிச்சிச்சு." இருந்தாலும் என்ற சொல்லில் அவர் குரல் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, லாரி மாதிரி. அவர் என் கையைப் பார்க்கிறார், நான் எதைத் தட்டுகிறேன் என்று, எஞ்சினைத் திறந்து வைத்திருக்கும் மெக்கானிக்கைப் பார்க்கிற மாதிரி. "எங்க வண்டியும் இப்படித்தாங்க, காலைல ஒரே சாவில ஸ்டார்ட் ஆவும், அப்புறம் மக்கர் பண்ணும்" என்றார், எனக்கு ஆறுதலாக. சிரித்துவிட்டேன். சிரித்ததில் மறுபடி ஊசி. இந்த முறை பேட் தாங்கவில்லை. துப்பட்டாவை எவ்வளவு இழுத்தாலும் ஈரம் ஈரம்தான், சிஸ்டரின் கண்ணுக்கு அது தப்புமா.

"எழுந்திரும்மா." இல்லை சிஸ்டர், இதை முடித்துவிட்டு. "எழுந்திருன்னேன். பால் கட்டிக்கிச்சுன்னா ராத்திரிக்குக் காய்ச்சல் வரும், அப்புறம் நாளைக்கும் நீ வர மாட்ட, கம்ப்யூட்டரும் வராது. போ, திரைக்குப் பின்னாடி பால் எடுக்குற மெஷின் இருக்கு, கழுவித்தான் வெச்சிருக்கேன்." கையைப் பிடித்து எழுப்பியே விட்டார். திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி, சுவரில் சிரித்தபடி ஒரு குண்டுக் குழந்தையின் படம், இந்தக் கட்டடத்திலேயே குண்டாக இருப்பது அது ஒன்றுதான், மெஷின் உறுமி மூச்சுவாங்குகிறது, இழுத்து விட்டு, இழுத்து விட்டு, முதலில் ஒன்றும் இல்லை, பிறகு சட்டென்று கல் இளகி, தோள் இறங்கி, தாடை இறங்கி, அட, நான் காலையிலிருந்து தாடையை எவ்வளவு இறுக்கி வைத்திருந்தேன். போனில் பரிதி அனுப்பியிருக்கிற குரல், காதில் வைத்துக் கேட்கிறேன், "உன் மகள் என் மீசையைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கா, மத்தபடி நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கு", பின்னணியில் ஆதிரை ஏதோ ஒரு மிருகத்தின் மொழியில் உரை நிகழ்த்துகிறாள், பால் இரண்டு மடங்காகப் பீய்ச்சுகிறது. கண்ணை மூடிக்கொள்கிறேன். ஒன்று கேபிள், இரண்டு பாஸ்வேர்டு, மூன்று பெயர். பெயர் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா. காலையில் இந்த அறையைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு, விசாரணை மேசையில் இருந்த பெண் நிமிராமல் சொன்னாள், பழைய எக்ஸ்ரே ரூமுக்குப் போங்க, அங்கதான் பால் வங்கி. விசாரணை மேசை எங்கே என்று எனக்குத் தெரிந்தது, நேராகப் போனேன், பதிலும் வந்தது, ஆனால் பழைய எக்ஸ்ரே ரூம் எது, வெளியாளான எனக்கு எப்படித் தெரியும், போன வருஷம் நான் வந்தபோது வங்கி வேறு மாடியில் இருந்தது, காவலாளிக்கே தெரியவில்லை, எக்ஸ்ரேயா, அது இடிச்சுப்புட்டாங்களே என்றார். மேசைக்குப் போக வழி தெரிந்தது. மேசை சொன்ன இடத்துக்குத்தான் வழி தெரியவில்லை. மேசை சொன்ன இடம். காவிரி சொன்ன இடம்.

கண்ணைத் திறந்துவிட்டேன். காவிரி என்பது ஒரு இயந்திரம் இல்லையே. ஐயோ, அதுகூடவா மறந்துபோயிற்று எனக்கு. ஒன்று படுத்தால் மற்றது தாங்கட்டும் என்று பல இயந்திரங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறோம், காவிரி என்பது அவற்றுக்கெல்லாம் சேர்த்து வாசலில் வைத்திருக்கிற ஒரே பெயர். காவிரியைக் கூப்பிட்டால் அது உள்ளே யாருக்குக் கூட்டம் குறைவு என்று பார்த்து, நீ பவானியிடம் போ, நீ நொய்யலிடம் போ என்று ஒரு பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பும். எண்ணைச் சொல்லாது, பெயரைத்தான் சொல்லும். அந்தப் பெயருக்கு எண் தேடவேண்டியது இங்கே இருக்கிற கம்ப்யூட்டரின் பாடு. இந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டருக்கு எங்கள் சென்னைப் பெயர்கள் எதுவும் தெரியாது என்பதால் போன வருஷம் நான்தான் ஒரு சின்னக் கோப்பில் மூன்று வரி எழுதிவைத்தேன், காவிரிக்கு இன்ன எண், பவானிக்கு இன்ன எண், நொய்யலுக்கு இன்ன எண். என் லேப்டாப் ஆபீஸோடு பேசுகிறது, ஆபீஸுக்கு எல்லாப் பெயரும் தெரியும், அதனால்தான் அங்கே தவறுவதில்லை. தெரியாது தெரியாது என்று அந்தக் கட்டம் கத்தியதே, எந்தப் பெயரைத் தெரியாது என்று அது சொல்லவே இல்லையே, காவிரியைத்தான் சொல்கிறது என்று நானாக எடுத்துக்கொண்டேன். அப்படியென்றால் காவிரி இப்போது இவர்களை யாரிடமோ அனுப்புகிறது, பவானியிடமும் இல்லை, நொய்யலிடமும் இல்லை, எனக்குத் தெரியாத யாரிடமோ, நான் விடுப்பில் இருந்தபோது வந்து சேர்ந்த யாரோ. மெஷினை நிறுத்தவேண்டும், சட்டையைச் சரிசெய்யவேண்டும், புட்டி நிரம்பிவிட்டது, அட, இவ்வளவா, மூடியைத் திருகி இறுக்குகிறேன், வந்துவிட்டேன், நான் திரும்ப வந்துவிட்டேன் என்று யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கிறது.

ஜெயசீலன் எடுக்கவில்லை. சென்னையில் அந்த சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான், எடுங்கள் ஜெயசீலன், மறுபடி, டீ குடிக்கப் போயிருப்பார், அவருடைய டீ ஒரு சடங்கு, மறுபடி. "குழலி! வந்துட்டீங்களா, பாப்பா எப்படி இருக்கா" என்கிறார் எடுத்ததும், ஆபீஸில் என்னைக் கார் என்காமல் குழலி என்று கூப்பிடுகிற ஒரே ஆள், பாப்பா நல்லா இருக்கா, ஜெயசீலன், புதுசா ஒரு சர்வர் சேர்த்தீங்களா. "ஆமா, போன வாரம். எல்லாருக்கும் மெயில் போட்டோமே." பேர் என்ன. "அமராவதி. நல்லா இருக்கில்ல? புதுசுங்கிறதால காலியா இருக்கு, அதனால காவிரி இப்ப வர்றவங்கள எல்லாம் பெரும்பாலும் அங்கதான் தள்ளிவிடும்." பெரும்பாலும். அதுதான் எப்போதாவது திறந்து, மற்ற நேரமெல்லாம் மூடி, சிஸ்டரைப் பார்த்து வெட்கப்பட்டு. "எண்ணைச் சொல்லுங்க" என்று கத்திவிட்டேன், பெரியண்ணன் சுவரிலிருந்து காலை எடுத்து நேராக நின்றுவிட்டார். ஜெயசீலன் எண்ணைச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, சிஸ்டர் என் தோளுக்கு மேல் குனிந்து ஒவ்வொரு இலக்கமாக உதட்டை அசைத்துச் சரிபார்க்க, ஆறும் ஒன்பதும் மாறவில்லை, கோப்பில் நாலாவது வரி, எண், இடைவெளி, அமராவதி, சேமித்தாயிற்று. சிஸ்டர், எடுங்க. ஃப்ரீசர், புட்டி, பீப். சிவப்பு. தெரியாது.

இல்லை. இல்லை, இல்லை, நான் சரியாகத்தான் யோசித்தேன், பவானி, நொய்யல், அமராவதி, கதை முழுசாகப் பொருந்தியதே, பொருந்தினால் மட்டும் போதுமா, தப்பான பதிலும் அழகாகப் பொருந்துமே, காது சூடாகிறது, பெரியண்ணன் திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறார், அவருக்கு அதில் என்ன தெரிகிறதோ. மூளை இருந்த இடத்தில் பால். ஜெயசீலன் இன்னும் போனில் இருக்கிறார், "என்ன ஆச்சு" என்கிறார், தெரியாதுங்குது ஜெயசீலன், அமராவதியத் தெரியாதுங்குது. "எப்படி அடிச்சீங்க?" எப்படி அடிப்பது, அமராவதி, ஏ, எம், ஏ, ஆர், ஏ, வி, ஏ, டி, ஹெச், ஐ. அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டு வருகிறது, சென்னையிலிருந்து கிளம்பி விழுப்புரம் தாண்டி வருகிற மாதிரி மெதுவாக. "குழலி, ஹெச் இல்ல." என்னது? "அமராவதில ஹெச் இல்ல. பேர் நான்தான் சொன்னேன், அடிச்சது டெல்லி ஆபீஸ்லேருந்து வந்திருந்த ஆளு. அவங்க ஊர்ல தி-க்கு ஹெச் போடமாட்டாங்களாம். நான் பாக்குறதுக்குள்ள வெச்சு முடிச்சிட்டான்." வாழ்நாள் முழுக்க வசந்திக்கும் கோமதிக்கும் பார்வதிக்கும் ஹெச் போட்டு வளர்ந்தவள் நான், என் அப்பாவின் பெயரிலேயே ஒரு ஹெச்சுக்காக ரேஷன் கடையில் சண்டை போட்ட வம்சம், இந்த ஒரு எழுத்து, காற்று மாதிரி ஒரு எழுத்து. அழித்தேன். சேமித்தேன். "சிஸ்டர், இன்னொரு தடவ." சிஸ்டர் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு மூச்சு விட்டார். பீப்.

பச்சை. ஒரு விநாடி யாருக்கும் நம்பிக்கை இல்லை, சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கிறார், எண்ணைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், மறுபடி எண்ணை. "இன்னொண்ண எடுங்க சிஸ்டர்." பீப், பச்சை. "இன்னொண்ணு." பீப், பச்சை, பீப், பச்சை, ஒன்றே ஒன்று மஞ்சள், அது இன்னும் பரிசோதனை முடியாத புட்டி, அதற்கு மஞ்சள்தான் வரவேண்டும், எவ்வளவு அழகான மஞ்சள். சிஸ்டர் முதல் புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டார், வேலை தெரிந்த கை, அதற்குக் கொண்டாட நேரமில்லை. பெரியண்ணன், "பச்சைன்னா நல்லதுதானங்க?" என்று கேட்கிறார், நல்லதுதாங்க, ரொம்ப நல்லதுங்க. ஜெயசீலன், இருங்க, வைக்காதீங்க. இது ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை, பெரம்பலூர் எல்லா வங்கியிலயும் இதே கோப்புதான், இதே மூணு வரிதான். அங்கயெல்லாம் இப்ப யாரோ ஒரு சிஸ்டர் கேபிளப் பிடுங்கிச் செருகிட்டிருப்பாங்க. "மெயில் போடுறேன், ஒவ்வொருத்தரா—" மெயில் வேண்டாம். முதல்ல அமராவதிய வரிசையிலேருந்து எடுங்க, இப்பவே, நான் போன்ல இருக்கும்போதே. அப்புறம் எல்லா ஊருக்கும் பேர் தெரியுற மாதிரி ஒரே இடத்துல ஏற்பாடு பண்ணுங்க, கையால எழுதுற வேலையே வேண்டாம், அதுக்கப்புறம் அமராவதிய விடுங்க. இவ்வளவையும் நான்தான் சொன்னேனா, மூச்சுவிடாமல், ஒரு வார்த்தை தடுக்காமல். அந்தப் பக்கம் விசைப்பலகை சத்தம். "எடுத்தாச்சு. இப்ப பவானியும் நொய்யலும் மட்டும்தான்." பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க இல்லாம இங்க யாரும் இப்படித் திட்டல, தெரியுமா" என்றார், திட்டினேனா, நன்றாகத் திட்டினேன் போலிருக்கிறது, மனசு எவ்வளவு லேசாக இருக்கிறது.

கண்ணாடிக்கு வெளியேதான் நிற்கவேண்டும், நானும் பெரியண்ணனும், செருப்பைக் கழற்றிவிட்டு. உள்ளே பிலோமி சிஸ்டர் பச்சை அங்கி போட்டு, கை கழுவி, மறுபடி கழுவி, பெட்டியின் வட்டச் சன்னல் வழியாகக் கையை விடுகிறார். குழந்தை தெரிகிறது, தொப்பியும் ஒரு மூக்கும், மூக்கில் மெல்லிய குழாய், பொம்பளப் புள்ளங்க என்கிறார் பெரியண்ணன், நான் கேட்காமலே. குழாயின் நுனியில் ஊசி இல்லாத சிரிஞ்சைச் செருகி, அதில் அந்தப் படலம் பாலை ஊற்றி, சிஸ்டர் அதைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். அழுத்தமாட்டார்களாம், தானாக இறங்கவேண்டுமாம். இறங்கவில்லை. பால் அப்படியே நிற்கிறது, வெள்ளையாக, அசையாமல், சிஸ்டரின் கை அசையாமல், நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு, எதையோ தட்டி இதைச் சரிசெய்ய முடியாதா என்று என் விரல்கள் காற்றில் தேடுகின்றன, முடியாது, இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை, பார்ப்பது மட்டும்தான். சிஸ்டர் கையை ஒரு விரல்கடை உயர்த்துகிறார். "எறங்குதுங்க" என்று பெரியண்ணன் கிசுகிசுக்கிறார், "மேடம், எறங்குது பாருங்க." ஆமாம், இறங்குகிறது, ஒரு கோடு விட்டு அடுத்த கோட்டுக்கு, அவசரமே இல்லாமல், கடைசியில் சிரிஞ்சின் கழுத்தில் ஒரு துளி நின்று யோசித்து, அதுவும் போயிற்று. சிஸ்டர் காத்திருந்தார். நாங்கள் காத்திருந்தோம். வாந்தி இல்லை. குழந்தை கட்டைவிரல் நகமளவு வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது, வயிறு நிறைந்தவர்கள் விடுகிற, ஊரே கேட்கட்டும் என்கிற கொட்டாவி, சத்தம்தான் இல்லை. சிஸ்டர் எங்கள் பக்கம் திரும்பி ஒரே ஒரு முறை தலையை ஆட்டினார். அவ்வளவுதான், பெரியண்ணனைக் காணோம். படியில் ஓடுகிற சத்தம், மேல்மாடிக்கு, சிவரஞ்சனியிடம், வெறுங்காலோடு, "குடிச்சிட்டா, மொத்தத்தையும் குடிச்சிட்டா" என்று வழியில் நின்றவர், உட்கார்ந்தவர், சக்கர நாற்காலி தள்ளியவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே. மருந்து வாங்க வரிசையில் நின்ற ஒரு அம்மாள் என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "யாருக்கும்மா பொறந்திருக்கு? ஆணா, பொண்ணா?" என்று கேட்டார். "பொண்ணுங்க" என்றேன், "ஆனா பொறந்து நாளாச்சு. இன்னைக்கு வயிறு நெறஞ்சிருக்கு." அந்த அம்மாள் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு, அதுவும் சரிதான் என்பதுபோல, வரிசையில் தனக்குப் பின்னால் நின்றவரிடம் திரும்பி அதைச் சொன்னார்.